கேர்ன்ஸில் இரண்டு இரவு படகிலேயே தங்கி முக்குளிக்கச் செல்லலாமா?

கேள்வி: ஓப்பன் வாட்டர் என்னும் தொடக்கநிலை ஸ்கூபா முக்குளிப்புச் சான்றிதழ் பெற்று ஓராண்டு ஆகிறது, இதுவரை பன்னிரண்டு முறை முக்குளித்திருக்கிறேன். கிரேட் பேரியர் ரீஃப் பவளத்திட்டுகளைப் பார்க்க ஆஸ்திரேலியாவின் கேர்ன்ஸ் நகருக்குச் செல்லவிருக்கிறேன். காலையில் சென்று மாலையில் திரும்பும் படகு எனக்குப் போதுமா, அல்லது கடலிலேயே இரண்டு இரவு தங்கும் படகில் செல்வது நல்லதா?

பதில்:

இரண்டு இரவு தங்கும் படகிலேயே செல்லுங்கள். இதற்குப் பலரும் சொல்லும் காரணம் எண்ணிக்கை. மூன்று நாளில் பதினொரு முறை வரை இறங்கலாம், ஒரு முறைக்கு ஆகும் செலவும் நாள் பயணத்தைவிடக் குறைவு என்பார்கள். அது உண்மைதான், ஆனால் நான் சென்று வந்தபின் அந்தக் காரணம் எனக்குச் சிறியதாகப் படுகிறது. ஒரே பவளத்திட்டைப் பகலிலும் இருளிலும் விடியலிலும் பார்க்கும் வாய்ப்பு வேறு எந்த வகையிலும் கிடைக்காது என்பதே நான் இதைப் பரிந்துரைக்கக் காரணம்.

என் அனுபவத்தை அளவிட உதவியாக இதையும் சொல்லிவிடுகிறேன். நான் சிங்கப்பூரில் வசிக்கிறேன். மலேசியாவின் தியோமான் தீவில்தான் நானும் என் தம்பியும் முக்குளிக்கக் கற்றுக்கொண்டோம். 2023 ஆகஸ்டில் கேர்ன்ஸ் சென்றபோது எங்கள் இருவரின் குறிப்பேட்டிலும் இருபதுக்குச் சற்று அதிகமான முக்குளிப்புகளே இருந்தன. ஆகவே உங்கள் நிலையிலிருந்து நான் அதிகத் தொலைவில் இருந்தவள் அல்லள்.

கிரேட் பேரியர் ரீஃப் என்ற பெயரைக் கேட்டால் கரையோரமாக நீண்டு கிடக்கும் ஒற்றைச் சுவர் என்று தோன்றும். உண்மையில் அது ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளத்துக்குச் சிதறிக் கிடக்கும், மூவாயிரத்தை நெருங்கும் தனித்தனித் திட்டுகளின் தொகுதி. கேர்ன்ஸிலிருந்து செல்லும் படகுகள் பெரும்பாலும் நார்மன், சாக்ஸன், ஹேஸ்டிங்ஸ் போன்ற வெளிப்புறத் திட்டுகளுக்குச் செல்கின்றன. அங்கே போய்ச் சேரவே ஒன்றரை முதல் இரண்டரை மணி நேரம் ஆகிறது. நாள் படகு காலை எட்டு மணியளவில் புறப்பட்டு மாலை ஐந்துக்குள் திரும்ப வேண்டியிருப்பதால், நீங்கள் திட்டின் மேல் இருப்பது காலை பத்தரைக்கும் பிற்பகல் மூன்றுக்கும் இடைப்பட்ட நேரம் மட்டுமே. அந்த நேரத்தில் நிறங்களும் மீன் கூட்டமும் நிறைவாகத்தான் இருக்கும். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆயினும் அங்கு வாழும் உயிர்களில் ஒரு பெரும் பங்கு அந்த வேளையில் பொந்துகளுக்குள் ஒடுங்கியிருக்கிறது. பவளமும் தன் உணர்கொம்புகளை உள்ளிழுத்துக்கொண்டு, உயிருள்ள பொருளா கல்லா என்று சொல்ல முடியாதபடி இருக்கிறது.

எங்கள் படகு முதல் நாள் பிற்பகலில் சாக்ஸன் திட்டில் ஒரு நிலையான மிதவையில் கட்டப்பட்டு, மறுநாள் காலை வரை அங்கேயே நின்றது. படகின் பின்புறத்திலிருந்து நூறு மீட்டருக்குள், ஆஸ்திரேலியர்கள் 'பொம்மி' என்று அழைக்கும் ஒரு பவளக் குன்று இருந்தது. மணல் தரையில் பதினாறு மீட்டர் ஆழத்திலிருந்து எழுந்து, நீர்மட்டத்துக்கு ஐந்து மீட்டர் கீழே முடியும் தூண் என்று அதைச் சொல்லலாம். பிற்பகல் மூன்று மணிக்கு அதைச் சுற்றி வந்தபோது கிளிமீன்கள் பவளத்தைக் கடிக்கும் ஓசை, யாரோ அருகில் கற்கண்டைக் கடிப்பது போல, நீருக்குள் தெளிவாகக் கேட்டது. மேல்தட்டில் பூப்போலத் தெரியும் விலங்கான ஒரு கடற்சாமந்தியும் அதற்குள் இரண்டு கோமாளி மீன்களும் இருந்தன. அந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளும்படி தம்பி நீருக்கடியில் எழுதும் தன் பலகையில் எழுதிக் காட்டினான்.

அன்று இரவு ஏழு மணிக்கு வழிகாட்டி ஒருவருடன் அதே குன்றுக்குச் சென்றோம். ஓப்பன் வாட்டர் சான்றிதழ் மட்டும் உள்ளவரை முதல் இரவு முக்குளிப்பில் தனியே விடமாட்டார்கள். அதற்கு வழிகாட்டியின் கட்டணம் தனியாக இருந்தாலும் தயங்காமல் கொடுங்கள். பகலில் கிளிமீன்கள் கடித்துக்கொண்டிருந்த அதே பாறையின் இடுக்கில் ஒரு கிளிமீன், தன் வாயிலிருந்து சுரந்த கண்ணாடி போன்ற சவ்வுப் பைக்குள் அசையாமல் உறங்கிக்கொண்டிருந்தது. சில கிளிமீன் இனங்கள் ஒவ்வோர் இரவும் இப்படி ஒரு பையைச் சுரந்துகொள்கின்றன. கல்லென்று நினைத்த பவளத்தின் மேற்பரப்பு முழுவதும் இப்போது உணர்கொம்புகள் விரிந்து, விளக்கொளியில் வெல்வெட்டுத் துணி போலத் தெரிந்தது. பகலில் சாம்பலும் நீலமுமாக இருந்த இடங்கள் கையிலிருந்த விளக்கை அருகில் கொண்டுசென்றதும் சிவப்பாக மாறின. நீர் முதலில் விழுங்கும் நிறம் சிவப்பு என்று பாடத்தில் படித்திருந்தேன். அது எவ்வளவு பெரிய இழப்பு என்பது அந்த விளக்கைப் பிடித்தபோதுதான் எனக்குப் புரிந்தது. பாறையின் அடியில் ஒரு பேராமை தலையை உள்ளே நுழைத்துக்கொண்டு உறங்கியது. அதன் கண்களில் ஒளி படக்கூடாது என்று வழிகாட்டி சைகை காட்டியதால் விளக்குகளைத் தாழ்த்திக்கொண்டு விலகினோம். திரும்பும் வழியில் பெரும்பாரை மீன்கள் எங்கள் விளக்கொளியைத் தொடர்ந்தே வந்து, அந்த ஒளியில் தட்டுப்பட்ட சிறு மீன்களை வேட்டையாடின. ஆகவே இரவில் ஒரே மீனின் மீது விளக்கை நிறுத்தி வைக்காதீர்கள். நீங்கள் வேடிக்கை பார்க்கிறீர்கள், அதற்கோ அது உயிர் போகும் காரியம்.

மறுநாள் காலை ஆறரைக்கு, கதிரவன் எழும் நேரத்தில், மூன்றாம் முறையாக அந்தக் குன்றுக்குச் சென்றோம். இரவு விலங்குகள் சில இன்னும் அடங்கவில்லை, பகல் மீன்களோ ஒவ்வொன்றாக வெளிவரத் தொடங்கியிருந்தன. துடுப்பின் நுனி வெளுத்த சுறா ஒன்று மணலில் படுத்திருந்து எழுந்து போயிற்று. கடற்சாமந்தியின் கோமாளி மீன்கள் எங்களுக்கு முன்பே விழித்திருந்தன. இருபதுக்கு மேற்பட்ட முக்குளிப்புகளில் நான் வெவ்வேறு இடங்களைப் பார்த்திருந்தேன். ஓர் இடத்தை அறிந்தேன் என்று சொல்லத் தகுந்தது அந்தப் பதினைந்து மணி நேரத்தில்தான் எனக்கு வாய்த்தது.

இனி, உங்களை எச்சரிக்க வேண்டிய பகுதிக்கு வருகிறேன். தியோமானிலும் தாய்லாந்திலும் அந்தமானிலும் கற்றவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வழிகாட்டி முன்னே செல்வார், நாம் பின்னே செல்வோம், எங்கே இருக்கிறோம் என்பதை அவர் பார்த்துக்கொள்வார். கேர்ன்ஸில் சான்றிதழ் உள்ளவர்கள் இருவர் இருவராகத் தாங்களே செல்வதுதான் வழக்கம். படகில் ஒரு வெள்ளைப் பலகையில் திட்டின் படத்தை வரைந்து, நீரோட்டம் எந்தத் திசையில் இருக்கிறது, எங்கே திரும்ப வேண்டும் என்று விளக்குவார்கள்; பிறகு நீங்களும் உங்கள் துணையும் திசைகாட்டியும்தான். நான் இதை அறியாமலே சென்றேன். முதல் நாள் இரண்டாம் முக்குளிப்பில் நானும் தம்பியும் ஓர் ஆமையைப் பின்தொடர்ந்து, எந்தப் பக்கம் திரும்பினோம் என்பதை மறந்து, மேலே வந்தபோது படகு இருநூறு மீட்டருக்கு அப்பால் இருந்தது. நீரோட்டம் எங்களைப் படகிலிருந்து விலக்கிக்கொண்டிருந்தது. நீந்திப் பார்த்தோம், தொலைவு குறையவில்லை. மிதவை அங்கியில் காற்றை நிரப்பிக்கொண்டு, ஒரு கையை உயர்த்தி அசைத்தோம். மேல்தளத்தில் நீரைப் பார்த்தபடி நிற்பதையே வேலையாகக் கொண்ட காவலர் எங்களை ஏற்கெனவே கவனித்துவிட்டிருந்தார். சிறு ரப்பர் படகு நான்கு நிமிடத்தில் வந்துவிட்டது. யாரும் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. ஆனால் அந்த நான்கு நிமிடத்தில் தம்பியின் முகம் இருந்த நிலையை நான் மறக்கவில்லை. அவனை அழைத்து வந்தவள் நான்.

ஆகவே புறப்படுமுன் உங்கள் ஊரிலேயே ஒரு பயிற்றுநருடன் திசைகாட்டிப் பயிற்சியை இரண்டு முறையாவது செய்துவிடுங்கள். நீரோட்டத்தை எதிர்த்துப் புறப்பட்டு, அதனோடு சேர்ந்து திரும்புவது முறை. காற்று உருளையில் 200 பார் அழுத்தத்துடன் இறங்கினால், 100 பாருக்கு முன்பே திரும்பத் தொடங்கி, 50 பாருடன் படகின் அருகில் இருக்க வேண்டும். இறங்கியவுடன் படகின் அடியைத் திரும்பிப் பார்த்து, அங்கே எந்தப் பாறை எந்த வடிவத்தில் இருக்கிறது என்பதை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். இந்தக் கடைசிப் பழக்கம் ஒன்றே அதன் பிறகு எங்களை ஒவ்வொரு முறையும் சரியாகத் திரும்பக் கொண்டுவந்தது.

ஒவ்வொரு முறையும் மேலே ஏறியவுடன் உங்கள் பெயர், அதிகபட்ச ஆழம், நேரம், மீதமுள்ள காற்று ஆகியவற்றைச் சொல்ல வேண்டும். படகு நகருமுன் ஒருவரை ஒருவர் பார்க்கும்படி நிறுத்திப் பெயர் வாசிப்பார்கள். உணவு மேசையிலிருந்து எழுந்து வரச் சொல்கிறார்களே என்று சலித்துக்கொள்ளாதீர்கள். 1998 ஜனவரியில் இதே கடலில், செயின்ட் கிறிஸ்பின் திட்டில், ஓர் அமெரிக்கத் தம்பதியை நீரிலேயே விட்டுவிட்டுப் படகு கரைக்குத் திரும்பிவிட்டது. அவர்கள் இல்லை என்பது இரண்டு நாள் கழித்தே தெரியவந்தது. அவர்கள் கிடைக்கவே இல்லை. கேர்ன்ஸ் உள்ள குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் தலை எண்ணும் விதிகள் கடுமையானது அதன் பிறகுதான்.

அடுத்தது களைப்பு. பதினொரு முக்குளிப்பு என்று விளம்பரத்தில் படிக்கும்போது அது பரிசாகத் தெரிகிறது. இரண்டாம் நாள் மாலையில் உடல் வேறு கணக்குச் சொல்லும். ஒவ்வொரு முறையும் மூச்சுக் காற்றிலிருந்து உடலில் கரைந்து தங்கும் நைட்ரஜன் முழுவதும் வெளியேறுமுன் அடுத்த முறை இறங்குகிறோம். கையில் கட்டியிருக்கும் டைவ் கம்ப்யூட்டர் அதைக் கணக்கிட்டு, ஒவ்வொரு முறையும் குறைந்த நேரத்தையே தரும். 32 விழுக்காடு ஆக்சிஜன் உள்ள நைட்ராக்ஸ் கலவைக்குப் பயிற்சி பெற்றிருந்தால் இந்தப் பயணத்தில் அது மிகவும் பயன்படும். நைட்ரஜன் குறைவாக உடலில் சேரும். கம்ப்யூட்டரால் கணக்கிட முடியாத இன்னொன்று குளிர். ஆகஸ்டில் நீர் 23 அல்லது 24 பாகைதான். முதல் முறை இறங்கும்போது இதமாகவே இருக்கும், ஆறாம் முறை பல் கிட்டிக்கும். மூன்று மில்லிமீட்டர் தடிமனுள்ள குளிர்காப்பு அங்கியுடன் சென்ற நான் இரண்டாம் நாளே ஐந்து மில்லிமீட்டர் அங்கியை வாடகைக்கு மாற்றிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலை முதல் முக்குளிப்பில் என் இடது காதில் அழுத்தம் சமன் ஆகவில்லை. மூன்று மீட்டரில் நின்று மேலேறி, மீண்டும் முயன்று, இரண்டாம் முறையும் வலித்ததால் தம்பியிடம் கையசைத்துவிட்டு மேலே வந்துவிட்டேன். அடுத்ததையும் தவிர்த்தேன். காசு கொடுத்த இரண்டு முக்குளிப்புகள் போயின என்று அன்று வருந்தினேன். காதுச் சவ்வைக் கிழித்துக்கொண்டு திரும்பியிருந்தால் எத்தனை மாதம் போயிருக்கும் என்று இப்போது எண்ணுகிறேன். படகில் யாரும் உங்களை இறங்கும்படி வற்புறுத்தமாட்டார்கள். வற்புறுத்துவது நம் மனமும் கையிலுள்ள ரசீதும்தான். பதினொன்றில் எட்டோ ஒன்பதோ செய்வேன் என்று வீட்டிலிருந்து புறப்படும்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். எதைத் தவிர்த்தாலும் விடியலையும் இரவையும் தவிர்க்காதீர்கள். உணவுக்குப் பிந்தைய பிற்பகல் முக்குளிப்பை விட்டுவிட்டு உறங்கலாம்.

குமட்டலைப் பற்றிப் பலர் அஞ்சுகிறார்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை தென்கிழக்குக் காற்று வலுவாக வீசும் காலம். திட்டுக்குச் சென்று சேரும் வரை படகு நன்றாகவே ஆடும். மாத்திரையைப் புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே விழுங்குங்கள். குமட்டல் தொடங்கியபின் விழுங்கிப் பயனில்லை. தூக்கம் வரவழைக்காத வகை எது என்று மருத்துவரிடம் கேட்டு, அதை ஊரிலேயே ஒரு முறை உட்கொண்டு பார்த்துவிடுவது நல்லது. திட்டை அடைந்தபின், அலை திட்டின் மறுபுறத்தில் உடைந்துவிடுவதால், படகு பெரும்பாலும் அமைதியாகவே நிற்கும். இரவில் ஜெனரேட்டரின் ஒலிதான் எனக்குத் தொல்லையாக இருந்தது. காதடைப்பான் கொண்டுசெல்லுங்கள்.

எந்த மாதம் செல்வது என்றால், ஜூன், ஜூலையில் குள்ள மின்கே திமிங்கிலங்கள் வடக்கே ரிப்பன் திட்டுகள் பக்கம் வருகின்றன. அதற்கென்றே நீண்ட பயணங்கள் உண்டு. நவம்பர் முதல் மே வரை நஞ்சுள்ள பெட்டி வடிவச் சொறிமீன்களின் காலம் என்பதால் உடல் முழுவதும் மூடும் மெல்லிய லைக்ரா உடை அணிய வேண்டும். புயல் பருவமும் அதனுள் அடங்கும். செப்டம்பர் கடைசியிலும் அக்டோபரிலும் காற்றுக் குறைந்து நீரும் சற்றே வெதுவெதுப்பாகும். மீண்டும் செல்ல வாய்த்தால் நான் அக்டோபரையே தேர்வேன்.

பவளம் செத்துவிட்டதாமே, இனிச் சென்று என்ன பார்ப்பது என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். நீர் சில வாரங்கள் அளவுக்கு மீறிச் சூடானால் பவளம் தன் திசுவுக்குள் வாழ்ந்து உணவு ஊட்டும் நுண்பாசியை வெளியேற்றிவிட்டு வெளுக்கிறது. சூடு விரைவில் தணிந்தால் மீளும், நீடித்தால் பட்டினியால் இறக்கும். 1998, 2002, 2016, 2017, 2020, 2022, 2024, 2025 ஆகிய ஆண்டுகளில் இப்படிப் பெருமளவில் வெளுத்தது. நான் சென்றபோது உயிருள்ள பவளத்தின் நடுவே, பாசி படர்ந்த இறந்த கிளைகளின் சரிவுகளையும், அவற்றின் மேல் விரல் நீளத்துக்கு வளர்ந்த புதிய கிளைகளையும் பார்த்தேன். ஓர் இடம் செழிப்பாகவும் அதிலிருந்து முப்பது மீட்டரில் இன்னோர் இடம் வெறுமையாகவும் இருந்தது. அழகை மட்டும் எதிர்பார்த்துச் செல்பவருக்கு அந்தச் சரிவுகள் ஏமாற்றமாகலாம். எனக்கு அவற்றைப் பார்ப்பதும் பயணத்தின் ஒரு பகுதியே. கால்களை அடித்து மணலைக் கிளப்பாமல், எதன் மீதும் சாயாமல் மிதக்கத் தெரிந்துகொண்டு செல்லுங்கள். ஏற்கெனவே நொந்திருக்கும் ஒன்றன் மீது நம் துடுப்பும் படக்கூடாது. பன்னிரண்டு முக்குளிப்பில் அந்தக் கட்டுப்பாடு முழுமையாக வந்திருக்காது. படகின் முதல் இறக்கத்தில் புகைப்படக் கருவியை எடுக்காமல் மிதப்பை மட்டும் சரிசெய்துகொள்ளுங்கள்.

முன்பதிவுக்கு முன் மருத்துவ வினாப் படிவத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். ஆஸ்துமா, இதய நோய், அண்மையில் நடந்த அறுவைச் சிகிச்சை, நாள்தோறும் உட்கொள்ளும் சில மருந்துகள் ஆகியவற்றில் எதற்கேனும் 'ஆம்' என்று எழுதினால் முக்குளிப்பு மருத்துவரின் சான்று கேட்பார்கள். அதைப் படகுத்துறையில் நின்றுகொண்டு பெற முடியாது. எங்களுடன் வரவேண்டிய ஒருவர் அப்படித்தான் கரையிலேயே நின்றுவிட்டார்.

இறுதியாக, திரும்பும் விமானம். பல நாள் தொடர்ந்து முக்குளித்தவர் குறைந்தது 18 மணி நேரம் பறக்கக்கூடாது என்பது பரவலாக ஏற்கப்பட்ட நெறி; எங்கள் படகில் 24 மணி நேரம் என்றே சொன்னார்கள். கேர்ன்ஸில் இதனோடு மலையையும் சேர்த்து எண்ண வேண்டும். நகரின் பின்னாலேயே குரண்டா மலையூர் இருக்கிறது. அங்கே செல்லும் கம்பிவட ஊர்தி 500 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தைக் கடக்கிறது. அத்தர்ட்டன் மேட்டுநிலம் அதைவிட உயரம். உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால் மலையேறுவதும் ஒருவகையில் பறப்பதே என்பதால், அவற்றைப் படகுப் பயணத்துக்கு முன்பே பார்த்துவிடுங்கள். படகு மூன்றாம் நாள் மாலை ஐந்து மணியளவில் துறையை அடையும். மறுநாள் இரவு விமானம் என்று வைத்துக்கொண்டால் சரியாக இருக்கும். இடையில் கிடைக்கும் அந்தப் பகலில், நகரின் கடலோரம் சேறும் முதலை அபாயமும் உள்ளதால், அங்கே கட்டியிருக்கும் உப்புநீர்க் குளத்தின் கரையில் எல்லோரும் அமர்கிறார்கள். நாங்களும் அங்கேதான் இருந்தோம். கீழே தரை இன்னும் ஆடிக்கொண்டிருப்பது போலிருக்க, நான் இறங்காத அந்தக் காலையில் தான் பார்த்ததையெல்லாம் தம்பி ஈரமான குறிப்பேட்டில் எனக்காக வரைந்து காட்டிக்கொண்டிருந்தான்.